கைப்பையில் போகக்கூடாதவை

“பெட்டியக் கட்டி முடிச்சதும் திரும்பத் திறக்கணும் மருமவனே, திறந்து பாதிய எடுத்து வெளிய வைக்கணும், மிச்சம் கெடக்கு பாரும், அதுல...” அதில் என்ன செய்யவேண்டும் என்பதுதான் கோமதிநாயகத்துக்கு நினைவு வரவில்லை. சொன்னவர் ரயில்வேயில் கார்டாக இருந்த ஆறுமுக மாமா. செங்கோட்டைப் பாதையில் முப்பது வருஷம் பச்சைக்கொடி ஆட்டியவர். பெட்டி கட்டுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார், யாரும் முழுசாகக் கேட்கவும் மாட்டார்கள். மிச்சத்திலும் பாதியை எடு என்றாரா, அதில் ஒன்றை எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குக் கொடு என்றாரா. கொடு என்று மாமா சொல்லியிருக்க முடியாது, வெற்றிலைச் செல்லத்தைக்கூட யார் பக்கமும் நீட்டாத மனுஷர். இந்த ஐந்து நாளாக எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அது கொடு என்பதில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. மணி இரண்டே முக்கால். நாலு மணிக்குக் கார் வரும், ஆறு பத்துக்கு வாகைக்குளத்திலிருந்து விமானம், ஏழே முக்காலுக்குச் சென்னை. ரெண்டே நாள், கைப்பை மட்டும், ஏழு கிலோ. கட்டில் விரிப்பின் மேல் கை பாட்டுக்கு எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்திருந்தது: ஷேவிங் கிரீம் ட்யூப், மயிர் கொட்டிப்போன பிரஷ், கனமான இரும்பு ரேசர், ஐந்து பிளேடு உள்ள காகித உறை, பாதி தீர்ந்த ஆஃப்டர்ஷேவ் பாட்டில், டப்பாவில் சோப்பு, குப்பியில் தேங்காயெண்ணெய், பல் விளக்கும் பிரஷ், பேஸ்ட், சீப்பு, விபூதிப் பொட்டலம். பதினேழு வருஷம் மஸ்கட்டுக்கும் ஊருக்குமாக அலைந்த கை, அதற்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. எல்லாம் வைத்து முடித்த பிறகுதான் அவன் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். இருபத்துமூன்று நாள் தாடி, தொட்ட விரலுக்குக் குத்தாமல் மடங்குகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஷேவிங் செட் எதற்கு?

பிளேடை முதலில் எடுத்து ஓரமாக வைத்தான், அது எப்படியும் கைப்பையில் போகாது. பிளேடு கூடாது, கத்தரிக்கோல் கூடாது, கத்தி கூடாது, ஊறுகாய் கூடாது, கொப்பரைத் தேங்காய் கூடாது. பட்டியல் அவனுக்கு மனப்பாடம். மஸ்கட்டில் ஒரு தடவை இந்த மாதிரி ஒரு பிளேடு உறையை ஒரு காவலர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து அவன் முகத்தையும் உறையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தொட்டியில் போட்டார், போடும்போது சத்தமே வரவில்லை. இப்போது பையோடு சேர்த்து ஆளையும் அந்த ரப்பர் பட்டையில் படுக்கவைத்து உள்ளே தள்ளினால் திரையில் என்ன தெரியும். இடுப்புக்கு மேலே முதுகுப் பக்கமாக, மூடிய கை அளவுக்கு, நூற்றைம்பது கிராம். ஒன்று இல்லை, இரண்டு. டாக்டர் காகிதத்தில் பேனாவால் இரண்டு அவரை விதை வரைந்து இடது பக்கத்து விதையைச் சுற்றி வட்டம் போட்டார். “இதை எடுப்போம், இதுலதான் ரத்தக்குழாய் நீளமா இருக்கும், வசதி.” வசதி என்றால் யாருக்கு என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அண்ணன் உலகநாதன் பதினோரு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் சென்னையில் ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் படுத்து எழுந்திருக்கிறான், அவனுடைய சிறுநீரகம் இரண்டும் காய்ந்துவிட்டன. மூன்று வாரத்துக்கு முன்னால் நாயகம் போய் ரத்தமும் மற்றதும் கொடுத்துவிட்டு வந்தான். போன வியாழக்கிழமை, சந்தையில் தேங்காய் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன். கொடுப்பவர்களிடம் பேசுவதற்கென்றே அங்கே வைத்திருக்கிற பெண், பெனிட்டா என்று பெயர். “சார், உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். பொருந்துது, நல்லாவே பொருந்துது. நீங்க புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்து என்னைத் தனியாப் பாருங்க. சரின்னா அடுத்த வாரம் உங்க மிஸஸையும் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடணும். வேண்டாம்னா காரணம் கேட்கமாட்டோம். டோனர் சூட்டபிள் இல்லைன்னு ஒரு வரி, அவ்வளவுதான். யாருக்கும் வேற ஒண்ணும் சொல்லமாட்டோம். இது உங்க உரிமை சார்.” தேங்காய்க்காரர் கையிலிருந்த ரெண்டு காயையும் தட்டிக் காட்டி எது வேணும் அண்ணாச்சி என்றார். நாயகம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். சட்னிக்குத் தேங்காய் இல்லை என்று மனைவி செண்பகவல்லி அன்றைக்கு முனகினாள். நாளைக்குப் புதன்கிழமை.

சூட்டபிள் இல்லை. ஆங்கிலத்தில் அது கையில் ஒட்டவே ஒட்டாத சொல், கையுறை போட்டுக்கொண்டு எடுத்து வைக்கிற மாதிரி. எட்டாம் வகுப்பு வரைக்கும் தமிழில் படித்தவன், ஒன்பதிலிருந்து ஆங்கிலம். இந்தப் பிளவு அவனுக்குப் பல இடங்களில் உதவியிருக்கிறது. சொல்லப் பயமாக இருப்பதை ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். மஸ்கட்டில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையில் அவன் வேலை சோதனை அதிகாரி. பெரிய பம்புகள் இரண்டு இரண்டாக இருக்கும், ஒன்று ஓடும், மற்றது சும்மா நிற்கும். சும்மா நிற்கிறதே என்று ஒருதடவை மேலாளர் ஒன்றைக் கழற்றி வேறு ஆலைக்கு அனுப்பப் பார்த்தார். நாயகம் நான்கு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி நிறுத்திவிட்டான், மாற்று பம்பு இல்லாமல் ஆலையை ஓட்டக்கூடாது, கையெழுத்து, தேதி. அந்த நாலு பக்கத்தை எழுதினவனைக் கூப்பிட்டு இப்போது கேட்டால் என்ன சொல்லுவான். சும்மா நிற்கிற ஒன்று சும்மா நிற்கவில்லை என்பான். ஆனால் அங்கே பக்கத்து ஆலையில் பம்பு இல்லாமல் ஒருத்தன் வாய் காய்ந்து கிடக்கவில்லை. கிடந்திருந்தால்? எழுதியிருப்பானா? அண்ணன் ஐஸ்கட்டியை வாயில் போட்டுச் சப்புகிறான், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, அவனுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. இருட்டுக்கடை வாசலில் நின்றபடி கால் கிலோ அல்வாவை இலையோடு முடிக்கிறவன். நாயகத்தின் இடது கை தானாகப் போய் விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தது. ஐந்து நாளாக இது ஒரு பழக்கம். குளிக்கும்போது அந்தப் பக்கம் மட்டும் சோப்பு மெதுவாகப் போகிறது, வலது பக்கம் ஒருக்களித்துத்தான் படுக்கிறான், குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டவள் மாதிரி. ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது ஒரு தள்ளுகட்டில் போனது, அதில் ஒரு ஆள், மார்பிலிருந்து தொடை வரைக்கும் ஒரு மயிர் இல்லாமல் வழித்து, மஞ்சள் மருந்து பூசி, கோழியைத் தீய்ச்சு எடுத்த மாதிரி. அந்த ஆள் நாயகத்தைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரித்தார்.

ரேசரையும் பிளேடுக்குப் பக்கத்தில் வைத்தான், பிறகு மறுபடி பைக்குப் பக்கத்தில் வைத்தான். வல்லி பார்த்தால் கேட்பாள். அவள்தான் இந்தத் தாடிக்குச் சொந்தக்காரி. சோதனைக்குப் போய்விட்டு அவன் வந்த அன்றைக்கு அவள் வீட்டில் இல்லை, குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தாள். வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சொன்னாள், “பங்குனி உத்திரத்துக்கு முடி இறக்குததா நேர்ந்திருக்கேன். அதுவரைக்கும் உங்க மேல கத்தி படக்கூடாது.” யாருக்காக நேர்ந்தாய் என்று கேட்டான். “அத்தானுக்குத்தான், வேற யாருக்கு. அவுக உடம்பு குணமாகணும்லா.” அண்ணனுக்கு நேர்ந்தால் அண்ணன்தானே தாடி வளர்க்கணும் என்று சிரித்துக்கொண்டு சொன்னதற்கு, “சீக்காளி எங்க வளர்ப்பாவ? கூடப் பொறந்தவுகதான் வளர்க்கணும்” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். பங்குனிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. முகத்தில் கத்தி படக்கூடாது என்று அவள் சொல்லவில்லை, மேல என்றாள். இரண்டு நாள் கழித்துத்தான், பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது, அது அவனுக்கு உறைத்தது. மேல என்றால் உடம்பு முழுக்க. கண்ணாடி முன்னால் வாயில் நுரை ஒழுக அப்படியே நின்றான். இவள் எவ்வளவு சாமர்த்தியசாலி, அண்ணனுக்காக என்று சாமியிடம் சொல்லிவிட்டு, சாமியைக் காவலுக்கு வைத்திருக்கிறாள். கோபம் வரும் என்று பார்த்தான். வரவில்லை. முதுகுத்தண்டில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினாற்போல் ஒரு நிம்மதி இறங்கியது, கால்விரல் வரைக்கும் இறங்கியது. அதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. அவள் நேர்ந்தது அவளோடு. அவன் ஏன் அன்றையிலிருந்து ஒருநாள்கூட ரேசரைத் தொடவில்லை, சாமி நம்பிக்கை பெரிதாக இல்லாதவன், மஸ்கட்டில் சபரிமலைக்கு மாலை போட்டவர்களைக் கிண்டல் செய்தவன். தாடி அரிக்கும்போதெல்லாம் சந்தோஷமாகச் சொறிந்துகொள்கிறான். தாடிக்குப் பின்னால் ஒருத்தன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஆஃப்டர்ஷேவ் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தான். மோந்திருக்கக்கூடாது. அப்பா செத்தபோது இந்த வாசனை. மஸ்கட்டிலிருந்து மும்பை, மும்பையில் ஏழு மணி நேரம், அப்புறம் திருவனந்தபுரம், அப்புறம் கார். மும்பை விமான நிலையத்தில் தூக்கமில்லாமல் கழிவறைக்குப் போனவன், கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, பயணத்தில் எப்போதும் செய்கிறபடி, பையிலிருந்து பிளாஸ்டிக் ரேசரை எடுத்து மழமழவென்று சவரம் செய்து, வாசனையும் தடவிக்கொண்டான். கை பாட்டுக்கு. பக்கத்தில் ஒரு சர்தார்ஜி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அப்பா ஐஸ் பெட்டியில் கிடக்கிறார் என்பது தெரியும், தெரிந்துகொண்டேதான் கன்னத்தை உப்பவைத்து இழுத்தான். எந்த மகனும் செய்யமாட்டான். அப்பாவுக்குத் தீ வைக்கிற நாளில் நாவிதர் வந்து ஆற்றங்கரையில் உட்கார்த்தி எடுப்பதற்கு முன்னால், தானாக முகம் வழித்துக்கொண்டு, மணக்க மணக்க, கல்யாணத்துக்கு வந்த மாதிரி. வாசலில் காரிலிருந்து இறங்கியதும் பந்தலே அவன் கன்னத்தைத்தான் பார்த்தது. ஒன்றரை நாள் காத்திருந்த கூட்டம். உடம்பை எடுத்துரலாம் என்று ஆளாளுக்கு நெருக்கியபோது அவன் வரட்டும், அவன் வரட்டும் என்று அண்ணன்தான் பிடிவாதமாக நிறுத்தி வைத்திருந்தானாம். ஓர் அத்தை சத்தமாகவே சொன்னாள், “அங்க அப்பன் கெடக்கான், இவன் சவரம் பண்ணிட்டுல்லா வந்திருக்கான், சென்ட் வேற.” ஈர வேட்டியோடு நின்ற அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நாந்தான் பண்ணச் சொன்னேன். பாஸ்போர்ட்டுல இருக்க மாதிரி மூஞ்சி இல்லன்னா உள்ள விடமாட்டான். உங்களுக்கு அதெல்லாம் தெரியாது, சும்மா இருங்க அத்தை.” அப்படி ஒரு விதி எந்த நாட்டிலும் கிடையாது. விமானத்தில் கால் வைக்காத அண்ணன், ஒரு மூச்சில், ஒரு யோசனையும் இல்லாமல் சொன்னான். அதைப் பற்றி அப்புறம் இரண்டு பேரும் பேசியதில்லை. இந்தக் கணக்கையும் இதற்குள் கொண்டுவந்து போடவேண்டுமா. போட்டால் என்ன, அண்ணன் அன்றைக்கு ஒரு வாக்கியம் கொடுத்தான், அதற்குப் பதில் நூற்றைம்பது கிராமா. ச்சீ. பாட்டிலை மூடினான். மூடி சரியாகச் சேரவில்லை, திறந்து மறுபடி மூடினான்.

“இன்னும் கட்டலையா? நாலு மணிக்குக் கார் வந்துரும்” என்று செண்பகவல்லி மடித்த இரண்டு சட்டையோடு உள்ளே வந்தாள். வந்தவள் பார்வை கட்டிலில் வரிசையாகக் கிடந்தவற்றின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி ரேசரில் வந்து நின்றது. “இது என்னத்துக்கு எடுத்து வச்சிருக்கிய?” “பழக்கதோஷம்” என்றான். “பழக்கதோஷத்துல பல்செட் எடுத்து வச்சுக்கிடுவியளா, பல்லு இருக்கும்போது?” சட்டைகளைப் பையில் வைத்துவிட்டு ரேசரை எடுத்து அலமாரியில் போட்டாள். பிளேடு உறையை எடுத்து அதன் மேல் வைத்தாள், கிரீமும் பிரஷும் பாட்டிலும் பின்னாலேயே போயின. எடுத்துப்போன கை போகிற வேகம் அவனுக்குச் சௌகரியமாக இருந்தது, அதுவே எரிச்சலாகவும் இருந்தது. “ரிசல்ட் நாளைக்குத்தானா?” என்று அலமாரிக் கதவைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “நாளைக்குத்தான் சொல்லுவாங்க.” “பொருந்தாது, பாத்துக்கிடுங்க.” “எப்படிச் சொல்லுத?” “தோணுது.” இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் இவ்வளவு நேரடியான பொய்யை அவன் சொன்னதில்லை. சின்னச் சின்னது உண்டு, மஸ்கட்டில் விழுந்து கணுக்கால் பிசகியதை மறைத்தது மாதிரி. அவள் அப்போதும் தோணுது என்றுதான் சொன்னாள். தெரிந்துவிட்டதா? அவன் போனை எடுத்துப் பார்த்திருப்பாளா? பார்க்கமாட்டாள், பார்க்கவேண்டியதில்லை, அவன் தூங்குகிற பக்கம் மாறியதைப் பார்த்திருப்பாள். “பொருந்துச்சுன்னா?” என்று கேட்டுப் பார்த்தான். அவள் சோப்பு டப்பாவைத் திறந்து, உள்ளே சோப்பு ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். “அபிராமிக்கு நாளப்பின்ன ஒண்ணுன்னா அவ அப்பன்கிட்டதான் கேக்கணும்” என்றாள். அபிராமி அவர்கள் மகள், கோயம்புத்தூரில் விடுதியில் இருந்து படிக்கிறாள், இருபது வயசு, நன்றாக இருக்கிறாள், நேற்றுகூட ஒரு மணி நேரம் போனில் சிரித்தாள். “அவளுக்கு எதுக்கு வருது?” “அத்தானுக்கு மட்டும் எதுக்கு வந்துச்சு?” என்று சொல்லிவிட்டுப் போனாள். பால் பொங்குகிற வாசனை வந்தது.

பொருந்தாது. பொருந்தவில்லை. புதன்கிழமை பதினோரு மணிக்குத் தலையை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்கவேண்டாம், அந்தப் பெண் எத்தனை தலைகள் ஆடிப் பார்த்திருப்பாள். பிறகு கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போகலாம். அதற்குள் மதினிக்குப் போன் போயிருக்கும், மதினி கிருஷ்ணவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறப்பாள், நீங்க என்ன செய்விய கொழுந்தனாரே, ஆண்டவன் செயல் என்பாள். உட்காரச் சொல்லுவாள். சாப்பாடு போடுவாள், அவனுக்குப் பிடிக்கும் என்று வாழைக்காய் வறுவலும் செய்திருப்பாள். அதைச் சாப்பிடணும். சாப்பிட முடியுமா. முடியும், முடியும் என்பதுதான் பயம், இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். சரி, இல்லை, அப்படி வேண்டாம், கொடுத்துவிட்டால்? கொடுத்த பிறகு என்ன, மூன்று வாரம் படுக்கை, தழும்பு, ஊரெல்லாம் புகழும், தம்பின்னா இவன்லா தம்பி. ஊர் புகழும் என்பதற்காகவே கொடுக்கலாமே, எத்தனை பேர் அதற்காகவே எத்தனை செய்கிறார்கள். அவன் வாய்விட்டு, ஆனால் மின்விசிறிச் சத்தத்துக்குள் அடங்குகிற மாதிரி, சரி என்று சொல்லிப் பார்த்தான். உதடு அசைந்தது, தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. மறுபடி சொன்னான். இடது பக்கம் உள்ளே ஏதோ இழுத்துப் பிடித்தது, அது தசையாக இருக்கும், வாயுவாக இருக்கும். மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தான். அது உடனே வந்தது, குரலோடு, தெளிவாக. யாராவது கேட்டுவிட்டார்களா என்று வாசலைப் பார்த்தான். அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும். அப்போது போன் அடித்தது, அண்ணன்.

“ஏல, கெளம்பிட்டியா?” கொஞ்சம் மூச்சு வாங்குகிற குரல், ஆனால் அதே குரல். நாலு மணிக்குக் கார் வருது என்றான் நாயகம். “தாடியோடயா வார? உங்க மதினி போட்டோ பாத்தாளாம், சாமியார் மாதிரி இருக்கியாம். சிரிச்சிக்கிட்டே கெடக்கா.” பின்னாலிருந்து மதினி குரல் வந்தது, “நான் எங்க சிரிச்சேன், லட்சணமா இருக்குன்னுல்லா சொன்னேன்.” “கேட்டியால, லட்சணமாம். இவளுக்குக் கண்ணு டாக்டரையும் பாக்கணும் போல.” நாயகமும் சிரித்தான். ஐஸ்கட்டி பல்லில் இடறுகிற சத்தம் காதில் விழுந்தது. “நேத்து மெஷின்ல கெடந்தேன்லா, பக்கத்துக் கட்டில்ல ஒரு வாத்தியாரு, விருத்தாசலம் பக்கம். அவரு தம்பிக்கு டெஸ்ட் எடுத்துப் பாத்தாங்களாம், பொருந்தலன்னு சொல்லிட்டாங்க. சரி, பொருந்தலன்னா பொருந்தல. அன்னையிலேருந்து தம்பி ஆளையே காணும், ரெண்டு மாசமாச்சு, போனும் எடுக்கதில்ல. வாத்தியார் சொல்லுதாரு, நம்ம பக்கம் பொண்ணு பிடிக்கலன்னா ஜாதகம் பொருந்தலன்னு சொல்லி விடுவோம்லா சார், அது மாதிரிதான் இதுவும், ஆஸ்பத்திரிக்காரங்களே எடுத்துக் குடுப்பாங்கன்னு.” நாயகம் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். அப்படியா என்றான். “ஆமால. கோவமே இல்ல அந்த மனுசனுக்கு. கிட்னி கெடைக்கலன்னா மெஷின் இருக்கு, தம்பிக்கு மெஷின் ஏது சார்ங்காரு. எனக்கு என்ன சொல்லன்னே தெரியல, ஐஸ் வேணுமான்னு கேட்டேன்.” அண்ணன் வாயில் ஐஸ்கட்டி மறுபடி இடறியது. “நீ எதுக்கும் வந்துரு என்ன. அது எப்படி இருந்தாலும்.” வாரேன் என்றான் நாயகம். “மதினி கொப்பரை கேட்டாளே, எடுத்து வச்சியா?” “அதை பிளேன்ல விடமாட்டான்.” “தேங்காயவா? என்னத்துக்கு?” “தீப்பிடிக்குமாம்.” “தேங்காய் தீப்பிடிக்குமா! ஏட்டி வேணி, கேட்டியா, உன் கொப்பரைய குண்டுங்கான்.” அண்ணன் சிரிக்க ஆரம்பித்து இருமலில் போய் நின்றான், மதினி போனை வாங்கி, மெதுவா வாங்க கொழுந்தனாரே, வைக்கட்டா என்று வைத்துவிட்டாள்.

அண்ணனுக்குத் தெரியுமா. தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா. தெரிந்து சொல்கிறவன் குரல் இப்படி இருக்காது, ஆனால் அண்ணன் குரல் எப்போது எப்படி இருக்கும் என்று யார் கண்டது. ஜாதகம் பொருந்தவில்லை. நாயகத்துக்கே இரண்டு இடத்தில் பொருந்தாமல் போயிருக்கிறது, வெளிநாட்டுக்காரனுக்குப் பெண் கொடுக்கப் பிடிக்காதவர்கள். தரகர் அதைச் சொன்னபோது எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், ஆமா நாலு பொருத்தம்தான் இருக்கு என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள். யாருக்கும் வலிக்காமல் இருக்க ஊர் கூடிச் செய்துவைத்த ஏற்பாடு. அந்தப் பெண் வீட்டார் பிறகு தெருவில் எதிர்ப்பட்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். விருத்தாசலத்துத் தம்பி எங்கே போயிருப்பான், அவனும் ஏதோ ஒரு வீட்டில் இந்நேரம் ஒரு அறையில் உட்கார்ந்து எதையாவது எடுத்து வைத்துக்கொண்டிருப்பான். போன் அடிக்கும், பெயரைப் பார்ப்பான், குப்புறக் கவிழ்த்து வைப்பான். ஒரு தடவை கவிழ்த்த பிறகு இரண்டாம் தடவை எடுக்க முடியாது, எடுத்தால் முதல் தடவை ஏன் எடுக்கவில்லை என்று சொல்லவேண்டும். நாயகம் தன் போனைப் பார்த்தான். திரை அணைந்திருந்தது. பொருந்தவில்லை என்று சொன்னால் அண்ணன் நம்புவான். நம்பாவிட்டாலும் நம்பினதாகக் காட்டிக்கொள்வான், மதினி ஏதாவது ஆரம்பித்தால் நீ சும்மா இரு என்பான். நாயகம்தான் அங்கே போகமாட்டான். தீபாவளிக்குப் போகமாட்டான், பொங்கலுக்கு வேலை இருக்கும், ஒரு நாள் வேறு யாராவது போன் பண்ணிச் சொல்லும்போது கிளம்பிப் போவான். அது தெளிவாகத் தெரிந்தது, அந்த வருஷங்கள் ஒவ்வொன்றாக. சரி என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான், ஒருவேளை இப்போது வருமோ என்று. இல்லை. அண்ணன் சிரிப்பு காதில் இருக்கும்போதே வரவில்லை என்றால் இனிமேல் வராது. அது ஒன்றும் அறிவு சம்பந்தப்பட்டதாக இல்லை. மாற்று பம்பு, அபிராமி, சாஸ்தா எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. அடியில் இருப்பது பயம். மஞ்சள் மருந்து பூசிய அந்த ஆளின் வயிறு, மேசை, விளக்கு, பிறகு ஒன்றும் இல்லை, அந்த ஒன்றும் இல்லையைப் பற்றிய பயம், நாற்பத்தெட்டு வயசு ஆளுக்கு வரக்கூடாத, நாலாம் வகுப்புப் பயல் மாதிரிப் பயம். அதை எந்த மொழியில் எழுதினாலும் அது அதுவாகத்தான் இருந்தது.

மூன்று முப்பத்தைந்து. மிச்சம் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பேஸ்ட், பிரஷ், சீப்பு, சோப்பு, எண்ணெய்க் குப்பி. ஜிப் வைத்த கண்ணாடிப் பையில் போட்டதும் இவ்வளவுதானா என்று இருந்தது, ஒரு கையில் அடங்கியது. செண்பகவல்லி காபியோடு வந்து ஜன்னல் திட்டில் டம்ளரை வைத்தாள். “யாரு போன்ல, அத்தானா?” “ஆமா.” “எப்படி இருக்காவ?” “சிரிச்சான்.” அவள் இன்னும் ஏதோ கேட்க நின்றாள். அவன் டம்ளரை எடுத்தான், சூடு பொறுக்காமல் வைத்தான். “வல்லி, ரிசல்ட் வியாழக்கிழமையே வந்துட்டு. பொருந்துது.” அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை. “தெரியும்” என்றாள். பிறகு, “என்ன செய்யப் போறிய?” என்றாள். அந்தக் கேள்வியில் வேண்டாம் என்கிற அவள் பக்கம் ஒன்றும் இல்லாமல் இருந்தது, அவளும் பயந்துபோய்த்தான் கேட்டாள். நாயகம் சட்டைகளுக்கு மேல் கண்ணாடிப் பையை வைத்து ஜிப்பை இழுத்தான், பாதியில் சிக்கியது, துணி மாட்டியிருந்தது, அவள் வந்து துணியை விலக்கிக் கொடுத்தாள், மூடினான்.

சிறுநீரகம் கொடுப்பதில்லை என்றும், பொருந்தவில்லை என்று பெனிட்டாவைச் சொல்லவைக்காமல், பொருந்துகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, நான் தரமாட்டேன் என்று இன்று இரவே அண்ணன் முன்னால் உட்கார்ந்து தானே சொல்லிவிடுவது என்றும் கோமதிநாயகம் முடிவு செய்தான்.